அண்ணன் வீட்டு ஹீட்டர்

அந்த வட்டாரத்தில் அவரை எல்லோரும் வெந்நீர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். குளியலறையில் கேஸ் ஹீட்டர் பற்றவில்லையா, வெந்நீர்க்காரருக்குப் போன் போடு. அப்படிப் பேர் எடுத்த மனிதர், மனைவி தவறிப்போனதிலிருந்து தன் வீட்டில் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். "ஒத்தை ஆளுக்கு என்னத்துக்கு வெந்நீர்?" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

மனைவி போன அன்றைக்குத் தெருவே திரண்டு வந்தது. கூடப்பிறந்த அண்ணன் மட்டும் வரவில்லை. நடந்து போகிற தூரத்தில்தான் வீடு. இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை என்று எதுவும் கிடையாது. அதற்கு முந்தின வாரம்கூட ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்திருந்தார்கள். ஏன் வரவில்லை என்று அண்ணன் சொல்லவில்லை; இவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பேச்சு அதோடு நின்றுபோனது. தெருவில் எதிரெதிரே வர நேர்ந்தால் யாராவது ஒருவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். வருஷங்கள் இப்படியே ஓடின.

குளிர் கடுமையாக இருந்த ஒரு காலையில் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நான்தான். ஹீட்டர் பத்த மாட்டேங்குது. உங்க அண்ணன் படுத்த படுக்கையா ஆயிட்டாரு. வேற ஆளைக் கூப்பிட எனக்கு மனசு வரல."

அவர் எழுந்து கருவிப் பையை எடுத்தார். "வரேன் அண்ணி" என்றார்.

குளியலறையை ஒட்டிய அறையில் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தெரிந்தது பின்கழுத்து மட்டும்தான். அது இவ்வளவு மெலிந்து போயிருக்கும் என்று இவர் நினைத்ததில்லை. நேரே குளியலறைக்குள் போய்ப் பையைக் கீழே வைத்தார்.

குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது, ஹீட்டரில் சத்தமே இல்லை. அடியில் இருந்த பேட்டரிப் பெட்டியை இழுத்துப் பார்த்தால், இரண்டு பேட்டரியும் கசிந்து தகடெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் சுரண்டிவிட்டுப் புதுசு போட்டார். இப்போது டிக்டிக்கென்று பொறி பறந்தது. தீ மட்டும் பிடிக்கவில்லை.

"சிலிண்டர் எப்ப மாத்தினீங்க அண்ணி?"

"நேத்துதான்."

"அதான். கேஸ் குழாய்க்குள்ள காத்து அடைச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும்."

தண்ணீர்க் குழாயைத் திறப்பதும், மூடிக் கொஞ்சம் பொறுப்பதுமாக இருந்தார். கடைசியில் பட்டென்று நீலமாய்ப் பிடித்தது. அண்ணியின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே தீ அணைந்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி அணைந்தது.

நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் அட்டை வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். ஹீட்டர் புகை வெளியேறுகிற குழாயின் வாயில் பழைய துணியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். துணியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாரு இதை அடைச்சது?"

அறையிலிருந்து குரல் வந்தது. "நான்தான். நடமாட முடிஞ்சப்ப அடைச்சேன். அந்த ஓட்டை வழியா குளிர் உள்ள வருது."

இத்தனை வருஷத்தில் அண்ணன் இவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"புகை போக வழியில்லேன்னா உள்ளயே சுத்தும் அண்ணே. வாசனைகூடத் தெரியாது. குளிக்கப் போனவங்க அப்படியே சரிஞ்சிடுவாங்க. மிஷின் தானா அணைஞ்சதுனாலதான் அண்ணி இப்ப முழுசா நிக்கிறாங்க."

அண்ணி கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "எனக்குத் தெரியாதுடா" என்று அண்ணன் சொன்னது கேட்டது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது வருகிற அதே குரல்.

அவர் ஜன்னல் அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு மறுபடி பற்றவைத்தார். இம்முறை தீ அணையாமல் நின்று எரிந்தது. பையை மூடப் போனபோது அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "என்னால தூக்க முடியல தம்பி. குளிச்சு ரொம்ப நாளாச்சு."

பையை ஓரமாக வைத்துவிட்டு இவரே தூக்கினார். கனமே இல்லை. ஸ்டூலில் உட்காரவைத்து, முழங்கையில் சூடு பார்த்து, முதுகில் ஊற்றினார்.

"சூடு போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போகிற வழியில் வந்தார். கண்ணில் சோப்பு போச்சா, தலைக்கு ஊத்தட்டுமா என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. "பெரிய மெக்கானிக்கு, குளிப்பாட்டத்தான் தெரியல. காதுல தண்ணி ஊத்துறான் பாரு" என்று அண்ணன் ஒருநாள் அண்ணியிடம் புகார் சொன்னார். மூவரும் லேசாகச் சிரித்தார்கள். இன்னொரு நாள் அண்ணன் தானாகவே தொடங்கினார்.

"அன்னைக்கு நான்…"

இவர் கையில் சொம்பு அப்படியே நின்றது. அண்ணன் வெந்நீரின் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஆறிப்போச்சு பாரு" என்றார்.

தண்ணீர் ஆறவில்லை. இவர் குழாயைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

குளிர் விடுவதற்கு முன்னால் ஒரு காலை, அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னைக்கு வேணாம் தம்பி" என்றாள். சட்டைக்கையை மடித்துக்கொண்டே வந்தவர், மடித்த கையோடு அப்படியே நின்றார்.

அண்ணனுடைய காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபின் ஒருநாள் அவளைப் பார்க்கப் போனார். அவள் டீயை அவர் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு ஏன் வரலைன்னு உங்ககிட்டயாவது சொன்னாரா?"

"இல்ல அண்ணி. உங்ககிட்ட?"

"செருப்பு மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தாரு. அப்புறம் கழட்டிப் போட்டுட்டு வந்து படுத்துட்டாரு. எப்பக் கேட்டாலும் திரும்பிப் படுத்துக்குவாரு. நானும் விட்டுட்டேன்."

அவர் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்து, எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். ஒரே தடவையில் பற்றியது. அதில் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. மூடிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டில் பற்றாத ஹீட்டரைப் பார்க்கக் கிளம்பினார்.