பிரிஸில்லா ஒட்டிய சிவப்பு அம்புகள்

என் தங்கை பிரிஸில்லாவுக்குக் கோபமே வராது என்று எங்கள் சபையில் சொல்வார்கள். அது தப்பு. கோபம் வரும். வந்தால் வாயைத் திறக்கமாட்டாள், ஸ்டிக்கர் ஒட்டுவாள்.

ஹெண்ணூர்ப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவள் செக்கர். பத்தொன்பது வருடமாக அதே மேஜை. தைத்த சட்டைகள் வந்து விழும். காலர், பட்டன் காஜா, பக்கத் தையல் என்று விரலை ஓட்டிக்கொண்டே போவாள். எங்கே நூல் தப்பியிருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பு ஒட்டிய சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். ஏன் இப்படித் தைத்தாய் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அம்பு கேட்டுக்கொள்ளும்.

அவள் புருஷன் கில்பர்ட், வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடித்தனம். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "என்ன பிரிஸில்லா, இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பதற்கு நாலு பேர் நிற்பார்கள். "இருந்தா உங்களுக்குச் சொல்லாமயா ஆன்ட்டி?" என்று சிரித்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு பக்கமும் கருக்குழாய் அடைப்பு, ஐ.வி.எஃப். செய்தால்தான் உண்டு என்று டாக்டர் சொன்ன பிறகு, போதகரிடம் போய் இது பாவமா என்று கேட்டேன். "வைத்தியம் எப்படிம்மா பாவமாகும்? போயிட்டு வாங்க" என்று ஜெபம் பண்ணி அனுப்பினார். பாவம் வைத்தியத்தில் இல்லை. பில் போடுகிற இடத்தில் இருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கில்பர்ட் தினமும் ஆட்களை இறக்கிவிடும் ரோட்டில்தான் அந்த ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கட்டடம். வாசலில் ஆள் உயரத்துக்குக் குழந்தைப் படம், பக்கத்தில் "குழந்தை இல்லையேல் பணம் வாபஸ்" என்று எழுத்து. உள்ளே போனால் டாக்டரைப் பார்க்கும் முன்னே பண விஷயம் பேசுவதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். ஷில்பா என்று பெயர். நன்றாகச் சிரித்தாள்.

"ஒரு தடவை பண்ணா ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஆகும் மேடம். மூணு தடவைக்குச் சேர்த்து ஸ்கீம்ல மூணு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மூணுலயும் ஆகலைன்னா முக்கால்வாசி வாபஸ். ஆனா முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். உங்க வயசு?"

"முப்பத்தி நாலு."

"பாருங்க, நீங்க லக்கி."

முன்பே வாசலில் ஆதார் அட்டையை வாங்கி நகல் எடுத்து, முத்திரை குத்தி, எங்கள் கையில் கொடுத்த ஃபைலில் கோத்துவிட்டார்கள். ஷில்பா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயால் சொன்ன வயதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பிரிஸில்லா பி.எஃப். பணத்தில் பாதியை எடுத்தாள். கல்யாணச் செயின் போனது. மீதிக்குக் கில்பர்ட் செல்போனிலேயே லோன் போட்டார். வட்டி இல்லை என்றார்கள், முன்கூட்டியே ஒன்பதாயிரம் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தோம். கல்யாண மண்டபம் பிடிக்கும்போது வாடகை ஒன்று சொல்லிவிட்டு, பிறகு ஜெனரேட்டர், பாத்திரம், குப்பை அள்ள என்று தனித்தனியாகக் கேட்பார்களே, அது மாதிரி ஆரம்பித்தது. ஊசி தனி. மயக்க மருந்து தனி. கருவை உறைய வைக்கத் தனி. பன்னிரண்டு நாள் ஊசிக்கு மட்டும் தொண்ணூற்றாறாயிரம். அதே ஊசி ரிச்சர்ட்ஸ் டவுன் மருந்துக் கடையில் கிட்டத்தட்டப் பாதி விலை. வெளியே வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, "வெளி மருந்துக்கு நாங்க பொறுப்பில்லை" என்றாள் ஷில்பா. வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு நிற்கிறவளிடம் இப்படிச் சொன்னால் அவள் எங்கே போவாள்?

ஒன்று மட்டும் பிரிஸில்லா செய்தாள். காசு கட்டிய ஒவ்வொரு முறையும் எது எதற்கு எவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்கினாள். அரைமணி நேரம் நிற்க வைப்பார்கள். நிற்பாள். "பத்து மணி நேரம் நின்னு வேலை செய்றவ நான், எனக்கென்ன" என்பாள். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போனது.

ஐந்து கரு கிடைத்தது. முதல் தடவை இரண்டை வைத்தார்கள், நிற்கவில்லை. இரண்டாம் தடவை ஒன்று. அது ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரமும் அவள் மாடிப்படியில் இறங்கிய சத்தமே எனக்குக் கேட்டதில்லை, அவ்வளவு மெதுவாக நடந்தாள். பிறகு அதுவும் போய்விட்டது.

மீதி இரண்டு கரு, மீதி ஒரு தடவை. அதுதான் அவளுக்கு மிச்சம். மறுபடி முட்டை எடுக்க உடம்பும் இல்லை, காசும் இல்லை.

மூன்றாம் தடவைக்குத் தேதி கேட்கப் போன அன்று ஷில்பா சிரிக்கவில்லை. "மேடம், உங்க ஆதார்ல ஸ்கீம் சேரும்போதே வயசு முப்பத்தாறு. நீங்க தப்பான வயசு சொல்லிட்டீங்க. ஸ்கீம் கேன்சல். மூணாவது தடவைக்குப் புதுசா ஒண்ணு எழுபது கட்டணும். உறைய வச்சிருக்கிற கருவுக்கு வருஷ வாடகை இருபத்தஞ்சாயிரம், முப்பதாம் தேதிக்குள்ள."

"கட்டலைன்னா?"

"டிஸ்கார்ட் பண்ணிடுவாங்க."

குப்பையில் போடுவார்கள் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் மரியாதையான வார்த்தை அது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், அந்த நிமிஷம் அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போல எனக்குக் கை துடித்தது.

ஆனால் ஆதாரில் இருப்பது உண்மைதான். அதாவது, அந்தப் பொய் அங்கே இருப்பது உண்மை. அப்பா இறந்த வருடம் பிரிஸில்லாவுக்குப் பதினாறு வயது. பதினெட்டு ஆகாமல் கம்பெனியில் எடுக்கமாட்டார்கள். எங்கள் சந்திலிருந்து அந்த வருடம் வேலைக்குப் போன ஆறு பெண்களுக்கும் ஒரே டாக்டர் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தார். ஆறு பேருக்கும் ஒரே பிறந்த நாள், ஜூன் ஒன்று. அம்மா காசு கொடுத்தார், கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நான். அந்தத் தேதி பி.எஃப். அட்டைக்குப் போனது, அங்கிருந்து வாக்காளர் அட்டைக்கு, அங்கிருந்து ஆதாருக்கு. திருத்தினால் பி.எஃப். பணம் சிக்கிக்கொள்ளும் என்று கம்பெனியில் பயமுறுத்தியதால் யாரும் திருத்தவில்லை. ஆஸ்பத்திரியில் வாயால் உண்மையைச் சொன்னாள், கையால் பொய்யைக் கொடுத்தாள். இரண்டும் வேறு வேறு என்பது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

சபைக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து நகல் வாங்கினோம். பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், போதகர் கையெழுத்து எல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரி மேனேஜர் ஹரிஷ்குமார் அதை இரண்டு விரலால் தள்ளிவிட்டார்.

"சர்ச் பேப்பர்லாம் இங்க செல்லாதும்மா. கவர்மெண்ட் ப்ரூஃப்தான்."

கில்பர்ட் எழுந்து கத்தினார். "காசு வாங்கும்போது செல்லுச்சா? எங்களைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?" செக்யூரிட்டி வந்து தோளைப் பிடித்தான். பிரிஸில்லா நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு இறங்கி வந்தாள். பில்களைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பினாள். இடது கையில் கம்பெனி ஸ்டிக்கர் ஷீட். வரிவரியாக விரல் போனது. ஒரே ஸ்கேனுக்கு இரண்டு தடவை காசு. அம்பு. மயக்கம் கொடுக்காத நாளில் மயக்க டாக்டர் ஃபீஸ். அம்பு. போடாத ஊசி மூன்று. மூன்று அம்பு. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் தரை சிவந்துகொண்டே போவது தெரிந்தது.

திடீரென்று விரல் நின்றது.

"அக்கா, இதைப் பாரு. முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்குதா?"

நம்பர் எனக்குத் தெரியும். "ஆமா."

"முப்பத்தஞ்சுக்கு மேல ஆனவங்களுக்குப் பண்ற ஸ்பெஷல் டெஸ்ட்டாம். பதினெட்டாயிரத்து ஐந்நூறு. ஸ்கீம்ல கையெழுத்துப் போட்ட மூணாம் நாள்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. டெஸ்ட்டுக்குக் காசு பிடுங்க ஆதார் வயது. ஸ்கீமில் சேர்த்துப் பணம் கட்ட வைக்க வாய் வயது. தோற்றுப்போனால் முக்கால்வாசி திருப்பித் தர வேண்டுமே என்றதும் மறுபடி ஆதார் வயது. எங்கள் அம்மா சொன்ன பொய் ஒரு வீட்டுக்குச் சோறு போடச் சொன்னது. இவர்கள் அதை எடுத்து வைத்து வியாபாரம் பண்ணினார்கள். அம்மாவை நினைத்து அன்று எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருக்கும் என்று தெரிந்தே சனிக்கிழமை போனாள். மேனேஜர் ரூமுக்குப் போகவில்லை. ஹாலில் இருந்த கவுண்டரில் பில்களை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"மேடம், இதெல்லாம் என்ன? உள்ள வாங்க பேசலாம்" என்றாள் ஷில்பா.

"இங்கேயே செக் பண்ணலாம்மா. எனக்கு வெளிச்சம் வேணும்." பதினெட்டாயிரத்து ஐந்நூறு பில்லையும், முத்திரை குத்திய ஆதார் நகலையும், ஸ்கீம் பேப்பரையும் வரிசையாக வைத்தாள். "இதுல எனக்கு முப்பத்தஞ்சுக்கு மேல. இதுல கீழ. நடுவுல மூணே நாள். நான் எந்த வயசு, நீங்களே சொல்லுங்க."

பின்னால் நாற்காலியில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். சங்கமித்ரா என்று பிறகு பெயர் சொன்னாள். "அக்கா, எனக்கும் அந்த டெஸ்ட் போட்டிருக்காங்க. எனக்கு முப்பத்திரெண்டுதான். ஒரு ஸ்டிக்கர் குடுங்க."

பிரிஸில்லா ஷீட்டிலிருந்து பிய்த்துக் கொடுத்தாள். இன்னொருத்தி கையை நீட்டினாள். அவள் புருஷன் பையிலிருந்து பில்களைத் தேடினான். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் ஃபைலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஹரிஷ்குமார் ஓடி வந்தார். "அம்மா, இவ்வளவு எதுக்கு? ரூமுக்கு வாங்க. காபி சாப்பிடுங்க."

"அந்தக் காபி எந்தப் பில்லுல வரும் சார்?"

யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் கறுத்தது. ஆஸ்பத்திரித் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்: மூன்றாம் தடவை ஸ்கீமிலேயே செய்யப்படும், வாடகை இல்லை, தப்பாகப் போட்ட பில் கழிக்கப்படும். பிரிஸில்லா விரலை ஓட்டிப் படித்தாள். கடைசியில் ஓர் அம்பை ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப என்னம்மா?"

"தேதி போடலையே சார்."

போட்டார்.

இரண்டு கருவையும் வைத்து இன்றோடு பதினோரு நாள். ரத்தம் எடுத்துப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மாடிப்படியில் மறுபடி சத்தமில்லை. காலையும் மாலையும் ஜெபம் பண்ணுகிறேன். எது நடந்தாலும் எழுந்திருக்க அவளுக்குப் பலம் கொடுக்கக் கேட்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்கிறார் போதகர். பண்ணுகிறேன். மனசு இன்னும் ஒட்டவில்லை.

இன்று ஆராதனை முடிந்து வந்தபோது எங்கள் கேட்டருகில் சங்கமித்ரா நின்றிருந்தாள். கூட இரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு துணிப்பை, பை நிறையத் தாள். மாடிக்குக் கூட்டிப்போனேன். பிரிஸில்லா காலைத் தலையணைமேல் வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை அப்படியே இருக்கச் சொன்னேன். அவள் தலைமாட்டில் துழாவி ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்தாள்.

"மொத நாள் பில்லுலேர்ந்து குடுங்க" என்றாள்.