அமுங்கிய குரல்

கார்டெல் யான்சியின் ஸ்டூடியோ என்பது மெம்பிஸில் அவனுடைய சித்தி வெர்லீன் வீட்டு நடையில் இருந்த கோட்டு அலமாரிதான். குளிர்காலக் கோட்டுகள் நெருக்கித் தொங்கியதால் உள்ளே நின்று பாடுகிறவனின் குரல் எதிரொலிக்காது. அந்துருண்டை நெடிதான் மூச்சை அடைக்கும். பகலில் டயர் கடையில் வேலை. மீதி நேரமெல்லாம் அலமாரிக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு, ட்ரம் மெஷினோடும் கேசட்டில் பதியும் பெட்டியோடும் மல்லுக்கட்டுவான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவன் பேட்டையான ஆரஞ்ச் மவுண்டின் பையன்கள் பலரும் அப்படித்தான் ராப் பாட்டு டேப் போட்டார்கள். கம்பெனி கிடையாது, ரேடியோ கிடையாது. பர்விஸின் கார் ஸ்டீரியோ கடையில் கல்லா ஓரம் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். அதிலிருந்து கார்களில் ஏறிய டேப்புக்குப் பேர், ஏறாததற்குத் தூசி.

கார்டெலின் முதல் டேப்பில் தாளமும் அவனே, பாட்டும் அவனே. வாங்கியவர்கள், "ட்ரம் அடி பிரமாதம்" என்றார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது அது அவனுக்கு உறைக்கவில்லை. இரண்டாவது டேப்பில் ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் இடம் கொடுத்து, முடிவெட்டும் கடையில் இருந்த டிமெட்ரிக்கைப் பாட வைத்தான். வினை அங்கேதான் தொடங்கியது.

சனிக்கிழமை மதியம் கார் கழுவும் இடத்தில் வரிசை நீண்டிருந்தது. பச்சைக் காரில் இருந்தவன் டேப்பைப் பின்னால் ஓட்டினான், நிறுத்தினான், மறுபடி ஓட்டினான்.

"ஒரே பாட்டை எத்தன தடவடா சுத்துவ?"

"இரு இரு, அவன் வர்ற இடம் வரட்டும்."

பின்சீட்டுப் பெண் தலையை நீட்டினாள். "யாரு இது?"

"டிமெட்ரிக்கு. முடிவெட்டுவானே, அவன்தான்."

"மியூசிக்கு?"

"அது... எவனோ."

அந்த எவனோ பக்கத்திலேயே ஈரத்துணியோடு தன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

மூன்றாவது டேப்பை எடுக்கும்போது டிமெட்ரிக் வறுத்த கோழி இறக்கைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான்.

"மாப்ள, இந்தத் தடவ பாதிப் பாட்டு நான் எடுத்துக்கட்டுமா? கேக்குறாங்க."

"யாரு கேக்குறா?"

"எல்லாரும்தான்."

அதில் துளிப் பெருமைகூட இல்லை. அதுதான் கார்டெலுக்கு இன்னும் எரிந்தது. டிமெட்ரிக் பாடி முடித்ததும் சித்தி வேறு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள குரலு நம்ம சபையில ஜெபம் பண்ற பெரியவரு குரலாட்டம்ல இருக்கு! வார்த்தைதான் நாராசம். கார்டெலு, நீயும் கொஞ்சம் தொண்டையத் தொறந்து பாடேன்டா."

"தொறந்துதான் சித்தி பாடுறேன்."

"அப்படியா?" என்றாள் சித்தி, பாவமாக.

கேசட்டில் பதியும் அந்தப் பெட்டியில் நாலே தடங்கள், தடத்துக்கு ஒரு சத்தம். தாளம், அடிநாதம், குரல் என்று மூன்றையும் பதிந்த பிறகு வேறெதற்கும் இடம் போதாது. எனவே மூன்றையும் கலந்து நாலாவது தடத்தில் மடித்து, பழைய மூன்றின் மேல் புதிதாகப் பதிவார்கள். மடித்தது மடித்ததுதான். மாவில் கலந்த உப்பை யார் பிரித்தெடுப்பார்?

டிமெட்ரிக் சமையலறையில் சித்தியோடு சிரித்துக்கொண்டே கோழி தின்றுகொண்டிருந்தான். கார்டெல் அவன் குரலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையைக் கீழே இழுத்தான். இன்னும் கொஞ்சம் இழுத்தான். குரல் தாளத்துக்கு அடியில், டேப் இரைச்சலுக்குள் போய்ப் படுத்தது. அப்படியே மடித்தான். உடனே பழைய தடங்களின் மேல் தன் குரலைப் பதிந்து, அசலின் சுவடே இல்லாமல் செய்தான். டிமெட்ரிக் பாடிய எல்லாப் பாட்டுக்கும் இதேதான். 'இப்போது கேட்கட்டும், யார் பாட்டு என்று' என நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது.

டேப் கடைக்குப் போனது. மறு சனிக்கிழமை வேடிக்கை பார்க்கவே கார் கழுவப் போனான். அங்கே தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நாலைந்து பேர் ஒரே காரின் கதவில் சாய்ந்திருந்தார்கள்.

"உஸ்! சும்மா இருங்கடா. என்னவோ சொல்றான்."

"குழிக்குள்ளேருந்து பேசுறாப்ல இருக்குடா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"சத்தத்தக் கூட்டு! மறுபடி போடு!"

கார்டெல் தொண்டை கிழியக் கத்திய இடம் வந்ததும் ஒருவன் டேப்பை முன்னால் ஓட்டினான்.

மறுநாள் டிமெட்ரிக் வந்து வாசலில் நின்றான். கார்டெல் அடி விழும் என்றே எதிர்பார்த்தான்.

"என்னைய அமுக்கிட்டல்ல?"

கார்டெல் ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தான்.

"கேட்டேன் மாப்ள. முதல்ல உன் பல்லத் தட்டணும்னுதான் வந்துச்சு. அப்புறம் இன்னொரு தடவ கேட்டேன்." டிமெட்ரிக் சிரித்துவிட்டான். "இனிமே அப்படியே அமுக்கு. நான் கத்துறேன், நீ அமுக்கு."

கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தால் கார்டெல் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

அடுத்த டேப்பில் தன் குரலையே அமுக்கினான். கைவேலை தன்னுடையது, பலன் மட்டும் எவனுக்கோ போவானேன்? பர்விஸ் கடையில் போட்டுக் கேட்டார், பாதியில் நிறுத்தினார்.

"டிமெட்ரிக்கு மாதிரியே செய்யச் சொல்லி உன்ன யாரு கேட்டா?"

"அண்ணே, அதச் செஞ்சதே நான்தாண்ணே."

"செஞ்சது நீதான், தம்பி. ஆனா அவன அமுக்குனா அடியிலேருந்து ஒருத்தன் முண்டுறான். இங்க அடியில யாரையும் காணோமே."

கார்டெல் டேப்பை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வாரமே டிமெட்ரிக் மறுபடி கோட்டுகளுக்கு நடுவே நின்று பாடினான். கார்டெல் மடிப்பதற்கு உட்கார்ந்தான். காதில் ஹெட்போன், விரல் விசையில். இப்போது பழிவாங்க அமுக்க வேண்டியதில்லை. மேலே தூக்கினால் போதும். தூக்கிப் பார்த்தான். குரல் வெளிச்சத்துக்கு வந்து நின்றது. வெறும் குரல், முடிவெட்டும் கடையில் எவனும் பேசுகிற குரல். இதை இப்படியே மடித்துக் கொடுத்தால் ஊர் ஒரே வாரத்தில் இவனை மறந்துவிடும்.

விரல் அங்கேயே நின்றது. கேட்கக் கேட்க அவனுக்குப் பல் கூசியது. தாளத்தின் மேல் அந்தக் குரல் எண்ணெயாக மிதந்தது; அவன் பார்த்துப் பார்த்து அடுக்கிய ட்ரம் அடி உயிரில்லாமல் கிடந்தது. பொறுக்க முடியாமல் இறக்கினான். கொஞ்சம் இறக்கினான், பிறகு இன்னும் ஒரு மயிரிழை. சரியான இடத்தில் குரல் போய் உட்கார்ந்ததும் அவன் தலை தானாக ஆடியது. மடித்தான்.

கோட்டுகளை விலக்கி டிமெட்ரிக் முகத்தை நீட்டினான். "வந்துச்சா?"

"வந்துச்சு" என்றான் கார்டெல், அவன் முகத்தைப் பார்க்காமல். "கதவச் சாத்து. அடுத்ததப் பாடு."