பிராக்டிக்கல் மாமா

என் மாமாவுக்குப் பிடித்த சொல் ஒன்றே ஒன்றுதான்: பிராக்டிக்கல். தீபாவளிக்கு எனக்குப் பள்ளிச் சீருடையையே புதுத்துணியாக எடுத்துத் தருவார். எப்படியும் வாங்கத்தானே வேண்டும் என்பார். காலரில் மஞ்சள் வைத்த சீருடையோடு நான் வீடுவீடாகப் பலகாரம் தின்னப் போவேன்.

சித்தியின் கல்யாணத்தையும் அவர்தான் அப்படி முடிவு செய்தார். சித்தி வேலை பார்த்த சுபாங் ஜெயாவிலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்தார். மாமா அவருக்குத் தேநீர் கொடுத்து, நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசி அனுப்பிவிட்டார். நல்ல பையன்தான், ஆனால் நிரந்தர வேலை இல்லையே என்றார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர் மாப்பிள்ளையானார். சித்தி சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை, அவள் பங்குக் கோழியும் எனக்கே கிடைத்தது.

கல்யாணத்தன்று காலை பிரிக்பீல்ட்ஸில் அலங்காரம் முடிந்து சித்தி காரில் ஏறும்போது, கிள்ளான் கோயில் மண்டபத்திலிருந்து அம்மா போன் செய்தாள். நெடுஞ்சாலையில் லோரி கவிழ்ந்து கிடக்கிறதாம், ஒரு வண்டியும் நகரவில்லையாம். முகூர்த்தம் தவறிவிடும் என்று அழுதாள். மாமா பதறவே இல்லை. காரை அங்கேயே விட்டுவிட்டார்.

"கொமுட்டர்ல போயிரலாம். ரயிலுக்கு ஜேம் ஏது லா."

பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக மணப்பெண் ரயிலேறினாள். கூட்டத்தில் புடவை கசங்கக் கூடாதென்று மாமா எங்கள் இருவரையும் பெண்கள் பெட்டியில் உட்கார வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். போகுமுன் என்னிடம், கிள்ளான் வரும்வரை சித்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மலாய் அக்காக்களும் ஒரு சீன ஆன்டியும் எங்களைப் படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தி சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபாங் ஜெயாவில் ரயில் நின்று கதவு திறந்தது. சித்தி சட்டென்று எழுந்து, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவருகே போனாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, எறங்காதீங்க. இது கிள்ளான் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நடைமேடையைப் பார்த்தாள். கதவு மூடப்போகும் மணி அடித்தது.

"ஆமா, கிள்ளான் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதன்பிறகு என் கையை விடவே இல்லை. வளையல் அழுத்தி எனக்கு வலித்தது.

முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஊரே மாமாவின் மூளையைப் பாராட்டியது. பந்தியில் நானும் என் பங்கைச் சொன்னேன். சித்தி தப்பான ஸ்டேஷனில் இறங்கப் பார்த்ததையும், நான் காப்பாற்றியதையும். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளைகூடச் சிரித்தார். மாமா மட்டும் இலையில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, இதை இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அவர் குரலே மாறியிருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கல்யாணத்தைக் காப்பாற்றிய பெயர் தனக்கு மட்டுமே வேண்டும் என்று மாமா பொறாமைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.