கம்பெனி பஸ்ஸில் சொன்ன செய்தி

எங்கள் மேனேஜருக்கு ஒரு வியாதி உண்டு. ஆபீஸ் வேலையாக எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் ஓர் இடத்தையாவது பார்க்காமல் திரும்ப மாட்டார். புனேவில் கோட்டை பார்க்கப் போய் ரயிலை விட்டார். இன்னோர் ஊரில் மலைக்கோவில் குரங்கிடம் மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்துவிட்டு, மறுநாள் ஆடிட்டில் எல்லாப் பேப்பரையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவரோடு வெளியூர் போக வேண்டும் என்றால் எங்கள் குவாலிட்டி செக்‌ஷனில் ஆளாளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அந்தத் தடவை எனக்குத்தான் உண்மையிலேயே காரணம் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியவில்லை.

நாங்கள் கோயம்புத்தூரில் கார்களுக்கு ரப்பர் சீல் செய்து கொடுக்கிறவர்கள். ஒரகடத்தில் இருக்கிற கார் கம்பெனி ஒன்று, தனக்குப் பாகங்கள் சப்ளை செய்கிற எல்லோரையும் வருஷம் ஒரு தடவை கூப்பிட்டு ஓட்டலில் இரண்டு நாள் கூட்டம் நடத்தும். அதற்கு நானும் மேனேஜரும் போக வேண்டும் என்று மெயில் வந்தபோது எனக்கு மூன்றாவது மாதம் பிறந்திருந்தது. என் கணவருக்கும் டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. என் அம்மாவுக்கே தெரியாது. முதல் தடவை நாள் தள்ளிப்போன சந்தோஷத்தில் தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தோம். அது தங்கவில்லை. பிறகு ஸ்வீட் சாப்பிட்ட ஒவ்வொருவரும் வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். உண்டு என்று சொல்ல ஒரு நாள் போதுமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாசக்கணக்கில் ஆனது. அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை வாயைத் திறப்பதில்லை என்று நானும் அவரும் முடிவு செய்திருந்தோம். ட்ரெயினில் போகலாம், அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டலில் உட்கார்ந்திருப்பதுதானே என்று நானும் கிளம்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் மதியத்தோடு கூட்டம் முடிந்தது. எங்களுக்குச் சென்னையிலிருந்து ராத்திரிதான் ட்ரெயின். சாப்பிட்டுக் கை கழுவும்போதே மேனேஜர் ஆரம்பித்துவிட்டார்.

"வந்தது வந்துட்டோம், செம்பரம்பாக்கம் ஏரியை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்லாம். பதினஞ்சுல வெள்ளம் வந்தப்ப டிவியில ராவும் பகலும் அந்த ஷட்டரைத்தானே காட்டுனாங்க. நேர்ல ஒருக்கா பாத்தரணும்."

"நான் வரலீங்க சார். ரூம்லயே படுத்துக்கறேன்."

"பதினோரு மணிக்கே ரூமைக் காலி பண்ணியாச்சேம்மா. லாபியிலயா படுத்துக்குவ?"

வேறு என்ன சொல்வது? காரணம் கேட்டால் ஒரு பொய் சொல்ல வேண்டும், அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

ஏறின நிமிஷத்திலிருந்து பயந்தேன். அந்தப் பக்கத்து ரோடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரிகள் ஒரு புறம், கன்டெய்னர் ஏற்றின டிரெய்லர்கள் ஒரு புறம், நடுவில் எங்கள் ஆட்டோ. பள்ளம் வரும் முன்னால் நான் இரண்டு கையாலும் மேலே இருந்த கம்பியைப் பிடித்து உடம்பை சீட்டிலிருந்து தூக்கிக்கொள்வேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பஸ்ஸுல நின்னுட்டு வர்ற மாதிரி வர்ற" என்று சிரித்தார். பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒன்று வந்தது. ஆட்டோக்காரரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தூக்கிப் போட்டதில் அடிவயிற்றில் சுரீர் என்றது. 

ஷட்டர் பக்கம் போக விடவில்லை. போலீஸ்காரர் ஒருவர் கையை மட்டும் ஆட்டினார். மேனேஜருக்கு முகம் தொங்கிவிட்டது. ஆட்டோக்காரருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "பின்னால ஒரு ஊருக்குள்ள பூந்து போனா கரை மேல ஏறலாம் சார். தண்ணி பார்க்கலாம், ஷட்டர் தெரியாது" என்றார். குன்றத்தூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்னச் சாலையில் போய் எங்களை இறக்கிவிட்டு, வேறு சவாரி இருப்பதாகச் சொல்லி அவர் போய்விட்டார். திரும்ப எப்படி வருவது என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கூப்பிட்டால் எங்கேயும் வண்டி வரும் என்ற நினைப்பு.

கரை மேல் நின்று பார்த்தால் ஏரி கண்ணுக்கு எட்டின வரை தண்ணீராகக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. என்னால் ரசிக்க முடியவில்லை. மேனேஜர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தபடி கரையோடு நடந்தார், நடந்தார், ஒரு வளைவில் திரும்பி மறைந்துவிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பிலிருந்து ஒரு வலி கிளம்பி முன்பக்கம் வந்தது. விட்டது. மறுபடியும் வந்தது.

அந்த வலி எனக்குத் தெரியும். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

கரையை விட்டு இறங்கினேன். கீழே ஒரு பெட்டிக்கடை, அதை ஒட்டி வீடு. கடையில் இருந்த அம்மாவிடம் பாத்ரூம் போக வேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வூட்டுக்குப் பின்னால கீது, போய்க்கோம்மா" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ரத்தம். கொஞ்சம்தான். ஆனால் ரத்தம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. போய்விட்டது, இதுவும் போய்விட்டது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து மேனேஜருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கூட்டத்துக்காக சைலன்ட்டில் போட்டவர் மாற்றவே இல்லை. வாடகைக் கார் பதிவு செய்யப் பார்த்தேன், வண்டி தேடுகிறோம் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் நூற்றி எட்டை அழைத்தேன். எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாக, "என்ன பிரச்சினைங்க, யாருக்குங்க?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். "ஹலோ, ஹலோ" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். படித்தவள் செய்கிற காரியமா என்று இப்போது யாரும் கேட்கலாம். அன்றைக்கு என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

"ஆட்டோ கெடைக்குமாங்க?" என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"இந்த நேரத்துல இன்னா ஆட்டோ வரும்? ரோட்டுல கம்பெனி பஸ்ஸா போய்க்கினு இருக்கும். அது நமக்கெல்லாம் நிக்காதும்மா. இன்னா ஆச்சு, ஒடம்பு சரியில்லையா?"

ரோட்டுக்கு வந்தேன். மதிய ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற நேரம். வெள்ளை பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கையை நீட்டினேன். அந்த வட்டாரத்தில் கம்பெனி பஸ் வெளியாளுக்கு நிற்காது, ரோட்டில் எவ்வளவு பெரிய மனிதர் நின்றாலும் நிற்காது. ஒவ்வொன்றாகப் புழுதியை இறைத்துவிட்டுப் போயிற்று. நான் எதையும் யோசிக்காமல் நீட்டின கையை நீட்டியபடியே நின்றேன்.

ஒரு பஸ் தாண்டிப் போய் பிரேக் போட்டு நின்றது. ஓட முடியாது, ஓடினால் என்ன ஆகுமோ. அடி மேல் அடி வைத்து நடந்து போய் ஏறினேன். டிரைவருக்கு எரிச்சல்.

"ஸ்டாப்புல நிக்காம இங்க வந்து நின்னா எப்பிடிம்மா? டைம் ஆய்டுச்சு, போய் உக்காரு."

அப்போதுதான் புரிந்தது. கூட்டத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டை என் கழுத்திலேயே இருந்தது. அந்தக் கார் கம்பெனியின் நீலக் கயிறு. பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்கள் கழுத்திலும் அதே கயிறு. என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார். இறக்கிவிட்டால் என்ன செய்வேன்? தலையைக் குனிந்தபடி ஒரு காலி இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் கிளம்பியது. பக்கத்தில் இருந்தவள் என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவளாக இருப்பாள், நெற்றியில் குங்குமம். எல்லோரும் தூங்கி வழிந்தார்கள், இவள் மட்டும் விழித்திருந்தாள். பேச்சைக் கேட்டதும் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது.

"அக்கா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துருக்கு? வயிறு வலிக்கா?"

தலையாட்டினேன்.

"தீட்டு வலியா?"

இல்லை என்று தலையாட்டப் போனேன். அந்த நேரம் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"மாசமா இருக்கேன். ரத்தம் போகுது."

என் அம்மாவிடம் சொல்லாத செய்தியை, பெயர் தெரியாத ஒருத்தியிடம் அப்படித்தான் முதலில் சொன்னேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணே, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க. இந்த அக்கா மாசமா இருக்காவ, ரத்தம் போவுதாம்."

பஸ் மொத்தமும் விழித்துக்கொண்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டவில்லை, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பயந்தபடியே, இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பஸ் நேரத்துக்குப் போகாவிட்டால் அத்தனை பேருக்கும் அட்டெண்டன்ஸ் அடிபடும்.

"ஆஸ்பத்திரிக்கு வுட்டா டிராஃபிக்ல மாட்டிக்குவோம்மா" என்றார். "கம்பெனி கேட்டாண்ட ஆம்புலன்ஸ் ரெடியா நிக்கும், அதான் சீக்கிரம். போன் பண்ணி சொல்லு. நான் மெதுவா ஓட்டவா, வேகமா ஓட்டவா, அத்த கேட்டு சொல்லு."

பின்சீட்டிலிருந்து யாரோ, "மெதுவா போங்கண்ணா, லேட்டானா ஆவுது" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அதற்குள் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒருத்தி தன் பையை என் கால் அடியில் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, இரு, இன்னும் கொஞ்சம் இரு என்று வயிற்றிடம் கெஞ்சிக்கொண்டே போனேன்.

கேட்டில் ஆம்புலன்ஸ் கதவு திறந்திருந்தது. நர்ஸ் ஒருவர் வீல்சேரோடு நின்றார். அங்கேயும் ஒரு தடங்கல். செக்யூரிட்டிக்காரர் என் அட்டையைப் பார்த்துவிட்டு, இது விசிட்டர் கார்டு, கேட்டுக்குள் வந்தால் படம் எடுக்காதபடி போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டியே ஆக வேண்டும் என்றார். நர்ஸ் அவரைத் திட்டினார். அவரும் பதற்றத்தில்தான் இருந்தார், ஆனால் விதி விதிதான். நான் அழுதுகொண்டே போனை நீட்டினேன். அவர் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணும் ஆவாதும்மா" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் தன் தோழியிடம், "லைன் சூப்பர்வைசர்ட்ட சொல்லிரு, நான் வரலன்னு" என்றுவிட்டு என்னோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். வேண்டாம் என்று சொல்கிற நாகரிகம் என்னிடம் மிச்சமில்லை. அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பாதி வழியில் மேனேஜர் அழைத்தார். குரலே அவருடையதாக இல்லை. கரையில் நான் விட்டுவிட்டு வந்த பையை மட்டும் பார்த்திருக்கிறார், என்னைக் காணோம். "எங்கம்மா இருக்கற? தண்ணிக்குள்ள கிண்ணிக்குள்ள விழுந்துட்டயோன்னு ஊரையே கூப்புட்டுட்டேன்."  அவள் போனை வாங்கி, "சார், அக்கா மாசமா இருக்காவ. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்க நேரா அங்க வந்துருங்க" என்றாள்.  பிறகு, "சொல்லியிருந்தா கூட்டிட்டே வந்திருக்க மாட்டனே" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. கேட்கும்போது கோபமாக வந்தது, அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா, "கூட யாரு, தங்கச்சியா? உள்ள வரட்டும்" என்றார். அவள் மறுக்கவில்லை. என் தலைமாட்டில் வந்து நின்றாள். வயிற்றில் ஜெல்லைத் தடவி டாக்டர் கருவியை வைத்தார். ஒரு பக்கம் அழுத்தினார். நகர்த்தினார். மறுபடியும் அழுத்தினார். ஒன்றும் பேசவில்லை.

போன தடவை எங்கள் ஊர் டாக்டரும் இப்படித்தான் பேசாமல் இருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதில் ஒன்றும் அசையவில்லை. அதற்கப்புறம் பல நாள் கண்ணை மூடினால் அந்தத் திரைதான் வந்தது. இன்னொரு முறை அதைப் பார்க்க என்னால் முடியாது. தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் ஒரு பிள்ளை பெற்றவள், ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று ஆம்புலன்ஸில் சொல்லியிருந்தாள். அவளுக்குத் தெரியும், எங்கே பார்க்க வேண்டும் என்று. அவள் கண்கள் திரையில் தேடின. புருவம் சுருங்கியது. என் கை அவள் கையை நசுக்கியது, அவள் கவனிக்கவில்லை. 

"துடிக்குக்கா" என்றாள். "நல்லாத் துடிக்கு."

"அதை நான் சொல்லணும்மா" என்றார் டாக்டர்.

அவர் அதற்கு மேல் என்னென்னவோ சொன்னார். எனக்கு எதுவும் ஏறவில்லை. அப்போதும் நான் திரையின் பக்கம் திரும்பவில்லை. அவளிடம்தான், இன்னொரு தடவை சொல் என்று கேட்டேன்.