அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தவர்

எங்கள் குடும்பத்தில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பது நான்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாசித்திருக்கிறேன். பிறப்பு, ஞானஸ்நானம், வேலை, மாற்றல், ஓய்வு என்று ஒரு தேதி விடமாட்டேன். அக்காவுடையதை அவள் உயிரோடிருக்கும்போதே மனத்துக்குள் எழுதி முடித்திருந்தேன். அவளை அவ்வளவு நெருக்கமாக அறிந்தவன் வேறு யார்?

அவள் போன ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தாள். மறுநாள் காலை தாம்பரம் ஆலயத்தின் போதகர் என்னை ஓரமாக அழைத்தார்.

"அண்ணே, குறிப்பு வாசிக்க வேற ஒருத்தரைக் கேட்டுக்கிட்டாங்க அக்கா. கிறிஸ்மஸுக்கு முன்னாடியே எங்கிட்டயும் சொல்லிட்டாங்க."

"யாரை?"

"மாடி வீட்டம்மாவை."

சிட்லபாக்கத்தில் அக்காவின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர்கூட இல்லை. தினமும் விடிகாலையில் இருவரும் ஏரிக்கரையில் நடப்பார்கள் என்று தெரியும். அந்த அம்மாள் அவளை "அக்கா" என்று கூப்பிடுவதை முதன்முதலாகக் கேட்ட அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு நான் ஒரே தம்பி. அந்தச் சொல் என்னுடையது.

அக்கா கணக்கு ஆசிரியை. கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள். மறுமுறை சொல்லும்படி யாரும் அவளிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டர் பழகினாள். கண் அறுவை சிகிச்சைக்குத் தனியாக ஆட்டோவில் போய், முடிந்த பிறகு போன் செய்தாள். "கட்டு நாளைக்குப் பிரிப்பாங்க. அப்போ வா, நானும் உன்னைப் பார்க்கலாம்." ஓய்வு பெற்றதும் தாம்பரத்தில் எங்களோடு வந்திரு என்று கெஞ்சினேன். "ரூம் இருக்கு, சரி. அதுல கதவைச் சாத்தினா யாரும் தட்டாம இருப்பீங்களா?" என்றாள். சிட்லபாக்கத்தில் அந்தத் தரைத்தள வீட்டை வாங்கிக்கொண்டாள்.

என்னை ஏன் வேண்டாம் என்றாள் என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அம்மாவின் அடக்கம் முடிந்து திரும்பும்போது அவளே சொன்னாள்: "நல்லா வாசிச்சேடா. ஆனா உன் வண்டி பெரிய ஸ்டேஷன்ல மட்டும்தான் நிக்குது. அம்மா இறங்கின இடமெல்லாம் சின்ன ஸ்டேஷன்." அன்று சிரித்துவிட்டேன்.

ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் குங்குமத்தோடு அந்த அம்மாள் மைக் முன்னால் வந்து நின்றார். பிறந்த தேதியே சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் ஏரிக்குப் போய்விட்டார். யாரோ கரையில் குப்பைப் பையை வீசிவிட்டுப் போவதை அக்கா பார்த்தாளாம். அந்தப் பையை எடுத்து, அவர்கள் பின்னாலேயே நடந்து, அவர்கள் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு, "உங்க பை, மறந்துட்டீங்க" என்றாளாம். சபையே சிரித்தது. நான் வாசித்த எந்தக் குறிப்புக்கும் யாரும் சிரித்ததில்லை. அதைவிட, அந்தப் பை விஷயம் எனக்குத் தெரியாது.

பிறகு அவர், "வெள்ளம் வந்த வருஷம் அக்கா எங்க கீழ் வீட்டுக்கு வந்தாங்க" என்றார். தப்பு! அவள் குடிவந்தது அதற்கு முந்திய வருடம், ஜூன் மாதம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனைவி என் கையை அழுத்தி, "சும்மா இருங்க" என்றாள். இருந்தேன். ஆனால் அந்தத் தப்பு கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதைச் சொல்ல வேண்டும்.

மறு ஞாயிறு, சபை மாத இதழில் போடுவதற்காக, அன்று வாசித்த பக்கங்களை எடுத்துக்கொண்டு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "தேதியெல்லாம் நீங்கதான் பார்த்துக் கொடுக்கணும் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

வெள்ள வருடத்தின் மேல் விரலை வைத்தேன். "இது தப்பு. முந்தின வருஷமே வந்துட்டா."

"அப்படியா? ஒரு வருஷம் கீழ இருந்திருக்காங்க, எனக்கு முகமே தெரியாதே! தண்ணி உள்ள வந்தன்னிக்கு, தலைல ஒரு பெட்டியோட படியேறி வந்தாங்க. 'இடம் இருக்கா, இல்ல மொட்டை மாடிக்குப் போகவா'ன்னாங்க. தண்ணி வடியற வரைக்கும் எங்ககூடதான். பயங்கரமா கேரம் ஆடுவாங்க சார்."

அன்று அவள் என்னிடம் போனில் சொன்னது, "நல்லா இருக்கேன், நீ வராதே" என்பது மட்டும். கேரம் ஆடினாளா?

பேனாவை எடுத்து வருடத்தைத் திருத்தினேன். திருத்தியதும் கை நிற்கவில்லை. பக்கத்தில் சிறிய எழுத்தில், "ஞாயிறுதோறும் தம்பி வந்து அவரோடு சாப்பிடுவார்" என்று சேர்த்தேன். தேதி கேட்டு வந்தவரிடம் நான் செய்திருக்கக் கூடாத வேலை அது. எழுதியதைக் கையால் மறைக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டார்.

"இது தெரியும் சார். ஞாயித்துக்கிழமை மட்டும் வாக்கிங் வரமாட்டாங்க. 'தம்பி வர்றான், மீன் வாங்கணும்'னு ஓடிடுவாங்க. நான் தனியா சுத்துவேன். எரிச்சலா இருக்கும் எனக்கு." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "யார் சார் அந்தத் தம்பி, ஒரு வாரம்கூட லீவு போடமாட்டானான்னு" என்றார்.

அவரைக் காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தேன். எரிச்சலை இன்னொரு முறை அவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.