காற்று நின்ற நேரம்

எங்கள் வீட்டில் சமையலறைக்கு மட்டும்தான் கான்கிரீட் தளம். மற்ற அறைகளுக்கெல்லாம் தகரக் கூரை. புயலை நினைத்து அப்படிக் கட்டவில்லை. குரங்குகள் தகரத்தை நெம்பி உள்ளே இறங்கி அரிசியையும் பருப்பையும் இறைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அது பொறுக்காமல்தான் ஒரு கோடை சீசன் முடிந்ததும் தளம் போட்டோம்.

கோடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட மூன்று அறைகள் வைத்திருக்கிறோம். அறைகளை நான் பார்த்துக்கொள்வேன், கணவர் ஜீப் ஓட்டுகிறார். நான் பிறந்தது அடிவாரத்தில், அய்யம்பாளையத்தில். அங்கே மழை என்றால் அணை நிரம்புமா என்றுதான் கேட்பார்கள். இங்கே வாக்கப்பட்டு வந்த பிறகுதான், மழை என்றால் முதலில் தலைக்கு மேல் நிற்கிற மரத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீடு என் ஓரகத்தியுடையது. கணவரின் தம்பி மனைவி. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், எப்போதாவதுதான் வருவார். அவள் ஒரு நாயை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். நாங்கள் அறைகள் கட்டியபோது எங்கள் கூரைத் தண்ணீர் அவள் வாசலில் இறங்குகிறது என்று சண்டை வந்தது. அதிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. அவள் வீட்டுப் பின்புறம் ஒரு பெரிய யூகலிப்டஸ் மரம் நின்றது.

அந்தப் புயல் கடலில் இருக்கும்போதே டிவியில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மலைக்கு வருவதற்குள் வலுக்குறைந்துவிடும் என்றார்கள். வழக்கமாக அப்படித்தான் ஆகும். முதல் நாள் மத்தியானம் ஒரு வண்டியில் மைக் கட்டிக்கொண்டு வந்து, தகர வீட்டில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மலைப்பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சவாரிக்குப் போயிருந்த கணவர் வத்தலக்குண்டிலேயே மாட்டிக்கொண்டார்.

அன்று எங்களிடம் ஒரே ஒரு ஜோடிதான் தங்கியிருந்தது. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள். சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் அறை போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தான். அந்த அம்மா வானத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கயிறு இருக்காம்மா? கட்டுக்கம்பி?"

இரண்டும் இருந்தன. அந்த அம்மாவும் சாருமாகச் சேர்ந்து கூரைக்கு மேலே குறுக்காகக் கயிறு போட்டு, முனைகளில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். நான் பூந்தொட்டிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் தொங்கிய பெயர்ப்பலகை எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தேன். காற்றில் அதெல்லாம் கல் மாதிரி வந்து அடிக்கும் என்று அந்த அம்மா சொன்னார். ஓடையிலிருந்து வரும் தண்ணீர் ஓஸ் குழாய் எப்படியும் பிய்ந்துவிடும் என்பதால் இருக்கிற குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். சார் தன் காரை மரத்தடியிலிருந்து எடுத்துக் கீழே திறந்த மேட்டில் நிறுத்திவிட்டு வந்தார். புளிச்சோறு கிண்டி, வெந்நீரை பிளாஸ்கில் ஊற்றி, தீப்பெட்டியை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். மூன்று பேருக்கும் சமையலறையிலேயே படுக்கை போட்டேன். அங்கே கண்ணாடி ஜன்னல் கிடையாது.

"பக்கத்துல ஒரு பொண்ணு தனியா இருக்கே, அது எங்க போகும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பா."

போகவில்லை. அவள் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன், ஆனால் போய்க் கூப்பிடவில்லை. அந்த அம்மாதான் போய்க் கூப்பிட்டார். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

விடியும்போது காற்று வந்தது. மேலேயிருந்து, பைன் காட்டுப் பக்கமிருந்து வந்தது. முதலில் லாரி ஏறி வருவது போன்ற சத்தம். பிறகு அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. கரண்ட் போனது. மெயினை அணைத்து, கேஸ் சிலிண்டரையும் மூடினேன். கணவரிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. "எது பறந்தாலும் பறக்கட்டும், நீ வெளிய வராத," என்றார். பதில் சொல்வதற்குள் டவர் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஓரகத்தி. தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றாள்.

"ஒரு தகரம் போயிருச்சுக்கா. அடுத்ததும் ஆடுது."

இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான். "உள்ள வா புள்ள," என்றேன். மாற்றுச் சேலை கொடுத்தேன். கட்டிக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசினால் காதில் விழாது. மரங்கள் முறிகிற சத்தத்தை வைத்து எது எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கடைசி அறையின் கூரை கயிற்றோடு போனது அப்போதுதான். அதையும் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன்.

காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் காற்று நின்றது. மெல்ல மெல்லக் குறையவில்லை, சட்டென்று நின்றது. மழையும் தூறலாகிவிட்டது. வானம் வெளுப்பாகக்கூடத் தெரிந்தது. நான் எழுந்து கதவைத் திறந்தேன்.

"முடியலம்மா. இது நடுவுல விடுற நேரம். திருப்பி அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கும்," என்றார் அந்த அம்மா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஓரகத்தி வாசலில் இருந்தாள்.

"நாய அவுத்து விடலக்கா. சங்கிலியில கெடக்கு. வெரசா வந்துர்றேன்."

அவள் வீடு கூப்பிடு தூரம்தான். அந்த அம்மா பின்னாலேயே கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். விழுந்து கிடந்த கிளைகளைத் தாண்டி அவள் வீட்டுப் பின்புறம் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாய்தான் முதலில் வந்தது. கழுத்துப்பட்டையோடு ஓடி வந்து அடுப்பு மேடைக்குக் கீழே நுழைந்துகொண்டது. அதற்குப் பின்னால் அவள் வருவாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பள்ளத்துப் பக்கமிருந்து காற்று வந்து கதவை என் கையிலிருந்து பிடுங்கியது. நானும் சாரும் சேர்ந்து தள்ளித்தான் அதைச் சாத்தினோம். சாத்திய உடனே தரை அதிர்ந்தது. யூகலிப்டஸ் மரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் தாழ்ப்பாளைப் பிடித்தேன். அந்த அம்மா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"தள்ளுங்கம்மா, அவ வெளிய இருக்கா."

"தெரியும். இப்பப் போனா நீயும் வெளிய இருப்ப. எங்க மாமனார் இப்படித்தான் காத்து நின்னுச்சுன்னு தோப்பப் பாக்கப் போனார். தேடப் போன கொழுந்தனும் வரல."

சொல்லக்கூடாத வார்த்தைகளை அவரைப் பார்த்துச் சொன்னேன். வாடகைக்கு வந்தவர் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை. சார் என் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவள் செத்திருப்பாள் என்று முடிவு செய்துகொண்டேன். திருப்பூருக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன். அழுகை வரவில்லை.

இரண்டாவது காற்று முதல் காற்றைவிடக் குறைவான நேரமே அடித்தது. இந்த முறை அது குறைந்து குறைந்து அடங்கியது. அந்த அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு எழுந்து வழிவிட்டார். அரிவாளை எடுத்துக்கொண்டு நானும் சாரும் போனோம்.

மரம் அவள் வீட்டின் பாதியை உட்கார வைத்திருந்தது. மின்கம்பி அறுந்து ஈரத்தில் கிடந்ததால் சுற்றிக்கொண்டு போனோம். பின்புறம் துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. மரத்தின் நடுப்பகுதி அந்தத் தொட்டி மேல் விழுந்து நின்றிருந்தது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் சுருண்டு கிடந்தாள். ஒரு கால் மட்டும் கிளைக்கு அடியில் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நாய் வந்துச்சாக்கா?"

"வந்துருச்சு. அடுப்படியில கெடக்கு."

"நான் கத்துனது கேட்டுச்சா?"

"கேக்கல புள்ள."

உண்மையாகவே கேட்கவில்லை. நாங்கள் கூப்பிட்ட சத்தம் கேட்டு ரம்பத்தோடு வந்த பக்கத்து விடுதிப் பையன்கள் கிளையை அறுத்தார்கள். கணுக்கால் திரும்பியிருந்தது, வேறு காயம் பெரிதாக இல்லை. ரோடு முழுக்க மரம். ஆம்புலன்ஸைக் கூப்பிட போனும் இல்லை. எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் இரண்டு பக்கமும் கம்பு கட்டி அவளை உட்கார வைத்தோம். சில மரங்களுக்கு மேலே ஏறியும் சிலவற்றுக்கு அடியில் குனிந்தும் பையன்கள் அவளைக் கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் குடையை விரித்துப் பிடித்தபடி கூடவே நடந்தேன். மரத்தைத் தாண்டும்போதெல்லாம் குடையை மடக்க வேண்டியிருந்தது. அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும், "மெதுவாப் போங்கப்பா, கல்யாண ஊர்வலமா இது," என்றாள். பையன்கள் சிரித்தார்கள்.

மாவுக்கட்டு போட்டு வார்டில் படுக்க வைத்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டிருந்தா வந்திருப்பீங்களாக்கா?"

"அந்தம்மா கதவுல உக்காந்துக்கிட்டாங்க. விட்டிருக்க மாட்டாங்க."

"நல்லதாப் போச்சு. நீங்க வர்ற வழியிலதான் பெரிய கெளை விழுந்துச்சு. நான் பாத்துக்கிட்டே கெடந்தேன்."

மறுநாள் சாயங்காலம் கணவர் வந்து சேர்ந்தார். மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து வெட்டிக்கொண்டும் நடந்தும் வந்திருந்தார். பாதை திறந்ததும் நாகப்பட்டினத்துக்காரர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் வீடு என்ன ஆனது என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

"எங்க மாமனார் போன அன்னிக்கு, கதவ மறிச்ச மாமியார நானும் அடிச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஓரகத்தி கட்டுப் பிரிக்கிற வரை எங்கள் முதல் அறையில் இருந்தாள். கரண்ட் வர வெகுநாள் ஆனதால் சாயங்காலங்களில் பேசுவதைத் தவிர வேறு சோலி இல்லை. அவள் என்னைவிட நன்றாகக் கதை சொல்வாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் கணவர் திருப்பூரிலிருந்து வந்து இடிந்த பாதியைக் கட்டிப் புதுத் தகரம் போட்டார். இந்த முறை தகரத்தை ஆணியால் அடிக்காமல் போல்ட் போட்டு முறுக்கினார். வீட்டைச் சுற்றி இன்னும் இரண்டு மரங்கள் சாய்ந்த வாக்கில் நின்றன. அனுமதி வாங்கி அவற்றை வெட்டினார்கள். வெட்டிய பிறகு அவள் வீட்டுப் பின்புறத்தில் மத்தியான வெயில் விழ ஆரம்பித்தது. அங்கே அவள் கேரட் போட்டிருக்கிறாள்.