அறுபத்து நான்கு கிலோவுக்கு ஒரு போர்டு

ஜூலை 13, ஞாயிறு. காலை 7.40. விடியலில் தூறிய மழை நின்றிருந்தது. மேற்குக் காற்று மட்டும் நிற்கவில்லை. பனை ஓலைகள் எல்லாம் கோவைப் பக்கமே சாய்ந்து கிடந்தன.

எலப்புள்ளிக்குக் கிழக்கே, எங்கள் தோட்டத்தை ஒட்டிய ஏரியில், என் தங்கை சரசுவின் மகன் பிரபு ஒரு போர்டின் மேல் எழுந்து நின்றான். நின்ற மாத்திரத்தில் போர்டைக் காணவில்லை. அவன் முழங்கால் வரை தண்ணீர். மிதக்க வேண்டிய பொருள் ஏன் முங்குகிறது?

கணக்குப் போட்டு அதை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

இது விங் ஃபாயில் என்ற விளையாட்டு. போர்டுக்கு அடியில் நீளமாக ஒரு கால்; அந்தக் காலின் நுனியில், தண்ணீருக்குள், குட்டி விமானம் போல ஓர் இறக்கை. கையில் காற்றடைத்த இன்னோர் இறக்கை. காற்று இழுக்க இழுக்க, போர்டு தண்ணீரை விட்டு எழும்பி ஆளோடு பறக்கும். படத்தில் பார்க்க அழகுதான்.

பிரபு போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், மலை மேல் ஓர் அணைக்கட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். வளைகுடாவில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை. இந்தப் போர்டில் கரையிலிருந்து கரைக்குப் போகும் வீடியோவை ஆகஸ்டுக்குள் அனுப்ப வேண்டும். அவன் லீவு போட்டு இறங்கி வந்துவிட்டான். காற்றுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்ன? போர்டுதான் இல்லை.

போர்டின் அளவை லிட்டரில் சொல்கிறார்கள். கற்றுக்கொள்பவர் என்றால், தன் எடை எத்தனை கிலோவோ அதோடு குறைந்தது முப்பது லிட்டர் கூட்ட வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். தூத்துக்குடியில் ஒருவரிடம் தொண்ணூற்றைந்து லிட்டர் போர்டு ஒன்று பழையதாக இருந்தது. பையன் எத்தனை கிலோ என்று போனில் கேட்டார்.

“எம்பது இருக்குமுங்க மாமா” என்றான் பிரபு.

அடுக்களையிலிருந்து சரசு வெளியே வந்தாள். “எம்பதா? அறுபத்தி நாலு. சாமி முன்னால நிறுத்தது பொய்யாங்கண்ணா?”

மூன்று வருஷத்துக்கு முன் பிரபுவுக்கு மஞ்சள் காமாலை. பிழைப்பானா என்றே சந்தேகம். பிழைத்தால் துலாபாரம் என்று சரசு வேண்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே தராசின் ஒரு தட்டில் அவன், மறு தட்டில் வெல்லம். அறுபத்து நான்கு கிலோ. அதற்குப் பிறகு அவனை எந்த எடை மெஷினிலும் ஏற அவள் விட்டதில்லை. தெய்வத்தின் முன் ஒரு முறை நிறுத்தாயிற்று. மறுபடி நிறுத்தால் கண் படும், வேண்டுதல் குறையும் என்பாள். எங்கள் பக்கத்து அம்மாக்களில் பலர் பிள்ளையின் எடையை வெளியே சொல்லவே மாட்டார்கள். அவனும் அம்மா மனசு நோகக் கூடாதென்று இருந்துவிட்டான்.

என்னிடம் இப்போது இரண்டு எண்கள். ஒன்று அளந்தது. இன்னொன்று உத்தேசம். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எழுதியே தலை நரைத்தவன் எதை எடுப்பான்? அளந்ததைத்தான் எடுத்தேன். அறுபத்து நான்கும் முப்பதும் தொண்ணூற்று நான்கு. ஒரு லிட்டர் மிச்சம் என்று சந்தோஷம் வேறு...

தூத்துக்குடிக்காரர் விடவில்லை. இன்றைக்கு நிறுத்துப் பார்த்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இனி ஏரிக்கு வருகிறேன். முங்கிய போர்டின் மேல் பிரபு தள்ளாடினான், விழுந்தான். போர்டு கவிழ்ந்து அடியிலிருந்த இறக்கை மேலே வந்தது. அதன் விளிம்பு கத்தி மாதிரி. அவன் குதிகாலுக்கு மேல் இருக்கும் நரம்பை அது சீவிவிட்டது. காற்று அவனையும் போர்டையும் எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. கரையோரமாக ஓட எனக்குத் தெம்பு பத்தாது. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் இப்ராகிம் பாய்தான் பரிசலைப் போட்டு அவனைத் தூக்கி வந்தார். காலில் கட்டிய துண்டு முழுக்கச் சிவப்பு.

“ஏனுங்கண்ணா, நீச்சல் தெரிஞ்ச பையனை முங்க வெக்கறதுக்கு இத்தனை சாமானுங்களா?” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். மயக்க மருந்து எடைக்குத் தகுந்தபடிதான் கொடுக்க வேண்டுமாம். நர்ஸ் எடையைக் கேட்டாள். சரசு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “அறுபத்தி நாலுங்க.”

நர்ஸ் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். மூன்று வருஷமாக, லீவுக்கு லீவு, தங்கை ஊட்டி ஊட்டி வளர்த்த கழுத்து, தோள், வயிறு... இதெல்லாம் அவன் வந்த நாள் முதல் என் கண் முன்னால்தானே இருந்தது?

வீல் சேரில் உட்காரவைத்து எடை மேடைக்குத் தள்ளினார்கள். சரசு குறுக்கே நின்றாள். வேண்டாங்கண்ணா, வேண்டாங்கண்ணா என்று இரண்டு தரம் சொன்னாள்.

“நகரு சரசு.”

அவள் நகர்ந்தாள். வீல் சேரின் எடையைக் கழித்துவிட்டு நர்ஸ் உரக்கச் சொன்னாள். எண்பத்தாறு. சரசு முந்தானையை எடுத்து அவன் தலை மேல் போட்டு மூடினாள், ஏதோ அந்த எண் அவன் மேல் விழுந்துவிடப்போகிற மாதிரி.

வாசகர்களுக்காகக் கணக்கைத் திருத்தி எழுதுகிறேன். அவன் எண்பத்தாறு. போர்டு, அடிக்கால், இறக்கைகள் எல்லாமாகப் பதினைந்து கிலோ. மொத்தம் நூற்றொன்று. தொண்ணூற்றைந்து லிட்டர் போர்டு ஏரித் தண்ணீரில் தூக்குவது தொண்ணூற்றைந்து கிலோதான். கடல் தண்ணீர் என்றால் இரண்டு மூன்று கிலோ கூடத் தூக்கும். அவனுக்கு நூற்று இருபது லிட்டராவது வேண்டியிருந்தது. இறங்குகிற அன்றைக்கு, நனைந்த துணியோடு, மெஷினில் ஏறிப் பாருங்கள். போன வருஷத்து எடை போன வருஷத்து ஆளுக்குத்தான்.

நரம்பைத் தைத்துவிட்டார்கள். ஆடும் படகில் இனி நிற்க முடியுமா என்று கேட்டதற்கு, ஆறு மாசம் போகட்டும் என்றார் டாக்டர். ரிசார்ட்டில் வேறொரு பையனை எடுத்துக்கொண்டார்கள். சரசு எனக்குக் காப்பி கொடுக்கிறாள், பேசுவதில்லை. பிரபு மட்டும் ஒரு சாயங்காலம், கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“எம்பதுன்னு சொன்னேனுங்களே மாமா.”

அவன் உத்தேசம்கூட ஆறு கிலோ குறைவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

போன வாரம் கோவையிலிருந்து ஒருவர் போர்டை விலைக்குக் கேட்டு போன் செய்தார். உங்கள் எடை என்ன என்றேன். சுமாராக அறுபத்தைந்து இருக்கும் என்றார். இங்கே வந்து என் முன்னால் மெஷினில் ஏறினால்தான் தருவேன் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே போர்டும் என் கணக்கிலேயே நிற்கிறது. ஆஸ்பத்திரி, மருந்து, போர்டு வந்த லாரி வாடகை, நேற்று வீட்டுக்கு வாங்கிய எடை மெஷின் உட்பட மொத்தம்: ரூபாய் 2,87,460.